சுழியும் அலங்காரமும்: விழா அழைப்பிதழ்களின் எழுத்தைக் குறித்து ஒரு திறனாய்வு

திருமண அழைப்பிதழ், குருத்துவ அபிஷேக ஆராதனையின் நிகழ்ச்சி நிரல், ஆலயப் பிரதிஷ்டை மலர், நினைவு அஞ்சலி அட்டை ஆகியவை நம் சபைகளில் ஆண்டுதோறும் மிகுதியாக அச்சாகின்றன. அவற்றின் வாசகத்தைப் போதகர்கள் கவனத்தோடு பார்வையிடுகிறார்கள். திருமறைப் பகுதி பொருத்தமாக உள்ளதா, பெயர்கள் முறையாக வரிசைப்படுத்தப்பட்டுள்ளனவா என்று பார்ப்பதும் உண்டு. ஆனால் அவ்வாசகம் எவ்வகை எழுத்துருவில் அச்சாக வேண்டும் என்பதை அச்சகத்தாரின் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறோம். எழுத்தின் வடிவம் வெறும் உடை. உள்ளிருக்கும் பொருளுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்ற எண்ணமே இதற்குக் காரணம் எனலாம். இவ்வெண்ணம் சரியானதுதானா என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் இன்று கைக்கு வரும் அழைப்பிதழ்களை நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வோம். சிவகாசியிலிருந்து வண்ண அட்டைகள் வெற்றிடம் விட்டு அச்சாகி வருகின்றன. உள்ளூர் அச்சகம் அவ்விடத்தில் வாசகத்தைச் சேர்க்கிறது. அட்டையின் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் தமிழ். ஆங்கிலப் பக்கத்தில் வலப்புறம் சாய்ந்து, ஒன்றோடொன்று கைகோத்து, தலையெழுத்துகளில் கொடிபோல் சுருண்டு ஓடும் எழுத்து காணப்படுகிறது. தமிழ்ப் பக்கத்திலும் இப்போது அதே சாயலை வருவிக்க முயல்கிறார்கள். எழுத்துகள் சாய்க்கப்படுகின்றன, முனைகளில் சுருள்கள் ஒட்டப்படுகின்றன, சில கோடுகள் மிகத் தடித்தும் சில மயிரிழை போல மெலிந்தும் நிற்கின்றன. இந்த அலங்கார எழுத்தே நம் திறனாய்வுக்குரிய பொருள்.

1. செப்புத்தகட்டு எழுத்தின் வரலாறு

ஆங்கிலப் பக்கத்தில் நாம் காணும் எழுத்து ‘ரவுண்ட்ஹேண்ட்’ எனப்படும் கையெழுத்து முறையின் வழிவந்தது. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 18-ஆம் நூற்றாண்டிலும் இங்கிலாந்தின் எழுத்தாசிரியர்கள் இதனை வளர்த்தனர். கூரிய இறகுப் பேனாவை அழுத்திக் கீழ்நோக்கி இழுக்கும்போது கோடு தடிக்கும். மேல்நோக்கி எழுப்பும்போது மெலியும். இதன் மாதிரிகளைச் செப்புத்தகட்டில் செதுக்கி அச்சிட்டுப் பரப்பியதால் இதற்குச் செப்புத்தகட்டு எழுத்து என்ற பெயரும் நிலைத்தது. ஜார்ஜ் பிக்கம் 1733 முதல் 1741 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ‘யுனிவர்சல் பென்மேன்’ இத்தகைய மாதிரிகளின் பெருந்தொகுப்பு. சார்லஸ் ஸ்னெல் என்ற எழுத்தாசிரியர் எழுத்தின் அளவுகளுக்குத் திட்டமான விதிகள் வகுத்து 1714-இல் வெளியிட்டார். அவருடைய கையெழுத்தை அடிப்படையாகக் கொண்டு மாத்யூ கார்ட்டர் 1960-களின் நடுவில் லைனோடைப் நிறுவனத்துக்காக வரைந்ததே ‘ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்’ என்னும் அச்செழுத்து.

இவ்வெழுத்தின் அழகை மறுப்பது நம் நோக்கமன்று. அதன் தடிப்பும் மென்மையும் ஒரே சீராக மூச்சு வாங்கி விடுவதைப் போல் அமைந்துள்ளன. சாய்வு எங்கும் மாறுவதில்லை. ஓர் எழுத்தின் இறுதிக்கோடு அடுத்த எழுத்தின் தொடக்கமாகிறது. ஈயத்தில் வார்த்த எழுத்துகளால் இதனைச் செய்வது கடினம். ஒவ்வோர் எழுத்தும் தன் சதுரக் கட்டையில் தனித்து நிற்க வேண்டியிருந்ததால், கட்டைக்கு வெளியே நீளும் மெல்லிய பகுதிகள் எளிதில் ஒடிந்துவிடும். ஒளியச்சுக்கோப்பு வந்த பிறகே இவ்விணைப்பு தடையின்றிக் கைகூடியது. அத்தொழில்நுட்பத்தின் வாய்ப்பை நன்கு உணர்ந்து பயன்படுத்திய படைப்பு இது என்று சொல்லலாம்.

ஆயினும் இதன் பிறப்பை நாம் மறந்துவிடலாகாது. ரவுண்ட்ஹேண்ட் தொடக்கத்தில் விழாவுக்குரிய எழுத்தாக இருக்கவில்லை. வணிகரின் கணக்கும் கடிதமும் விரைவாகவும் தெளிவாகவும் எழுதப்பட வேண்டும் என்ற தேவையே அதனை வளர்த்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் கடைநிலை அலுவலருக்கு ‘ரைட்டர்’ என்றே பெயர். அலுவலகக் கட்டளையும் ஒப்பந்தமும் அக்கையெழுத்தில் வந்ததால் நம் நாட்டில் அதற்கு அதிகாரத்தின் மதிப்பு ஏற்பட்டது. நான்கு கோட்டு நோட்டில் சாய்த்தும் சேர்த்தும் எழுதப் பழகுவது இன்றும் ஆங்கிலக் கல்வியின் அடையாளமாகக் கருதப்படுகிறது. எனவே கரிசல் காட்டு ஊரொன்றில் அச்சாகும் அழைப்பிதழில் அவ்வெழுத்து இடம்பெறும்போது, அது அழகை மட்டும் சொல்வதில்லை. ‘இவ்வீட்டார் படித்தவர்கள், பதவியோடு தொடர்புடையவர்கள்’ என்ற செய்தியையும் உடன் சொல்கிறது.

2. தமிழில் சுழியின் வேலை

இனித் தமிழ்ப் பக்கத்துக்கு வருவோம். ஆங்கில எழுத்துக்குப் பொருந்திய அலங்காரம் தமிழுக்கு ஏன் பொருந்தவில்லை? நாட்டுப்பற்றோ மொழிப்பற்றோ இதற்கு விடையாகாது. எழுத்தின் அமைப்பிலேயே விடை இருக்கிறது.

உரோமன் எழுத்தில் சுருள் பெரும்பாலும் பொருளற்றது. ஒரு நெடுங்கோட்டின் உச்சியில் கண்ணி ஒன்றைச் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் ஒலி மாறுவதில்லை. ஆகையால் அங்கே கை விளையாட இடமுண்டு. தமிழில் சுழி ஒலியைக் காட்டும் உறுப்பு. மூன்று சுழி ‘ண’, இரண்டு சுழி ‘ன’ என்றே குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறோம். ‘திருமணம்’ என்பதில் ஒரு சுழி மறைந்தால் ‘திருமனம்’ ஆகிறது. ‘அருட்பணி’ ஒரு சுழி குறைந்தால் ‘அருட்பனி’ ஆகிறது. இகரக் குறியின் முனையில் சுழி சேர்ந்தால் அது ஈகாரம். கொம்பின் தலையில் மேலும் ஒரு சுழி இருப்பதே எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் உள்ள வேறுபாடு. அச்சுழி மங்கினால் ‘மேய்ப்பர்’ ‘மெய்ப்பர்’ ஆகிவிடுவார். ஒகரத்தையும் ஓகாரத்தையும் பிரிப்பதும் அடியிலுள்ள சுழியே. ஏகார ஓகாரங்களுக்கு இவ்வேறுபாட்டை நிலைநிறுத்திய பெருமை வீரமாமுனிவருக்கு உரியது என்று மரபாகச் சொல்லப்படுகிறது. இவ்வாறு ஒவ்வொரு சுழியும் ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும் எழுத்தில், வேலையற்ற சுருள்களைச் சேர்க்கும்போது வாசிப்பவர் எது எழுத்து, எது அலங்காரம் என்று தடுமாறுகிறார்.

கால் குறியின் நிலையும் இத்தகையதே. ‘ர’ என்னும் எழுத்தையும் ‘ா’ என்னும் குறியையும் வேறாக்குவது கீழே இழுக்கப்படும் ஒரு சிறு சாய்கோடுதான். துணைக்காலின் அடியில் அழகுக்காக ஒரு வாலை நீட்டினால் ‘நாள்’ என்ற சொல்லின் நடுவே ரகரம் வந்து நிற்கிறது. அழைப்பிதழில் நாளைக் குழப்புவதைவிடப் பெரிய குறை வேறு எது?

எழுத்துகளைக் கோத்து எழுதுவதிலும் இடர் உண்டு. ஆங்கில எழுத்துகள் பலவும் வலப்புறம் அடியில் முடிவதால் அடுத்த எழுத்தை எளிதில் தொட்டுக்கொள்கின்றன. தமிழ் எழுத்துகள் முடியும் இடம் ஒன்றன்று. சில மேலே முடியும், சில அடியில் இடப்புறம் திரும்பி முடியும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் ஐகாரக் குறியும் எழுத்துக்கு முன்னே நிற்கும். கால் பின்னே நிற்கும். புள்ளி தலைமேல் நிற்கும். இவற்றின் நடுவே ஓர் இணைப்புக்கோட்டை இழுத்தால் அதுவும் ஒரு குறியாகவே தோன்றும். புள்ளியைப் பூவாகவோ சுடராகவோ மாற்றினால் அது ஒற்றெழுத்தின் அடையாளமா, அட்டையின் கோலமா என்பது விளங்காமல் போகிறது.

தடிப்பு மென்மை வேறுபாட்டைக் குறித்தும் ஒரு சொல். தமிழ் அச்செழுத்தில் இது புதிதன்று. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹன்ட் மேற்பார்வையில் உருவான எழுத்துகளிலும் அளவான தடிப்பும் மென்மையும் உண்டு. அவை வெற்றி பெற்றதற்குக் காரணம், எவ்வளவு சிறிய அளவிலும் சுழிகளின் உள்வெளி அடைபடாமல் நின்றமையே. இன்றைய அலங்கார எழுத்திலோ தடித்த கோடு சுழியின் வயிற்றை அடைத்துவிடுகிறது. மெலிந்த கோடு, சிவப்பு அட்டையில் பொன்னிறத் தாள் பதிக்கும்போது அறுந்து போகிறது. மிஞ்சுவது, பளபளக்கும் சில துண்டுகள்.

3. இந்நிலத்தின் எழுத்து மரபு

மாண்புமிக்க எழுத்து என்றால் வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்று கருதுவோர், தம் காலடியிலுள்ள நிலத்தைப் பார்க்க வேண்டும். திருச்சுழியிலும், குண்டாற்றங்கரையில் அதற்கு அருகிலுள்ள பள்ளிமடத்திலும், கி.பி. 9, 10-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்து வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. கோயில் விளக்கு அணையாமல் எரிவதற்கு ஆடுகளைக் கொடையாக அளித்த செய்தி போன்றவை அவற்றில் பொறிக்கப்பட்டன. அக்காலத்தின் முறைசார்ந்த ஆவணங்கள் அவை. கோடு எங்கும் ஒரே பருமன். வளைவு ஒவ்வொன்றும் அடுத்த வளைவுக்கு இணங்க அமைந்தது. ஒட்டுச் சுருள் ஒன்றேனும் இல்லை. எனினும் அவற்றின் அமைதியான அழகை எவரும் மறுக்க இயலாது.

அவ்வெழுத்துகளின் பிற்கால நிலையும் நமக்குப் பாடமாகிறது. சோழர் ஆட்சி பாண்டிய நாட்டில் நிலைபெற்றபின் வட்டெழுத்து வழக்கிழந்தது. இன்று கல்வெட்டறிஞர் சிலரே அதனை வாசிக்க வல்லவர்கள். எழுத்து எத்துணை அழகாயினும், வாசிப்போர் அற்றுப்போனால் அது ஓவியமாகவே எஞ்சும். வட்டெழுத்துக்குக் காலம் இந்நிலையைக் கொடுத்தது. நாமோ வழக்கிலுள்ள எழுத்துக்கே அலங்காரத்தின் பெயரால் இந்நிலையை வருவிக்கிறோம்.

பனை மிகுந்த இந்நாட்டில் ஓலையே நெடுங்காலம் ஏடாக இருந்தது. எழுத்தாணி கோட்டைக் கீறுகிறது. தடிப்பதும் மெலிவதும் அதன் இயல்பில் இல்லை. ஓலை கிழியாதிருக்கப் பெரும்பாலும் புள்ளியையும் விடுத்து எழுதினர். எனவே தமிழ் எழுத்தின் அழகு கோட்டின் பருமனில் பிறந்ததன்று. வளைவின் விரிவிலும், எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே விட்ட வெளியிலும் பிறந்தது. ணை, லை, ளை, னை ஆகியவற்றுக்கு முன்பிருந்த யானைத் துதிக்கை போன்ற வடிவம் கையோட்டத்தில் தோன்றிய அலங்காரமே. ஆனால் அது ஐகாரத்தைக் காட்டும் வேலையையும் செய்தது. தந்தை பெரியார் 1935 முதல் தம் ஏடுகளில் கையாண்ட சீர்திருத்தத்தின் வழியில், 1978 அக்டோபரில் தமிழ்நாடு அரசின் ஆணை அவ்வடிவங்களை மாற்றியது. கற்போருக்கும் அச்சுக்கோப்போருக்கும் எளிமை வேண்டும் என்பதே நோக்கம், அது நியாயமானது. கற்போரின் பொருட்டு நம் சொந்தச் சுருள்களையே விட்டுக்கொடுத்த நாம், பொருளற்ற சுருள்களை விலை கொடுத்து வாங்குவது முரண்பாடன்றோ?

தரங்கம்பாடியின் அனுபவத்தையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். சீகன்பால்கு அனுப்பிய மாதிரிகளைக் கொண்டு ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டு 1713-இல் தரங்கம்பாடிக்கு வந்தன. அவை அளவில் பெரியவை. அவற்றால் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் கையிலிருந்த தாள் போதாது. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தனர். 1715-இல் புதிய ஏற்பாடு நிறைவுற்றது. தொலைவில் வரைந்த எழுத்து, வாசிப்போர் நடுவே திருத்தி வார்க்கப்பட்டபோதுதான் தன் பணியை முடித்தது. எழுத்துருவை மதிப்பிடும் அளவுகோலை நாம் இந்நிகழ்ச்சியிலிருந்து பெறலாம்: அது யாருக்காக வார்க்கப்பட்டதோ அவர் கையில் அதற்கு என்ன நேர்கிறது என்று பார்க்க வேண்டும்.

4. மரியாதை யாருக்கு?

விழாவுக்கென்று தனித்த எழுத்து வேண்டாமா, அன்றாடக் கடைச்சீட்டின் எழுத்திலேயே அழைப்பிதழும் இருக்கலாமா என்று கேட்பது முறையான கேள்வியே. நாள்தோறும் உடுத்தும் உடையோடு மணவறைக்கு யாரும் செல்வதில்லை. சிறப்பைச் சிறப்பாகக் காட்ட வேண்டும் என்ற உணர்வு மனித இயல்பு. வறட்சியோடு போராடி, கண்மாய் நிறையாத ஆண்டுகளைக் கடந்து, பிள்ளையைப் படிக்கவைத்து மணம் முடிக்கும் ஒரு குடும்பம் தன் மகிழ்ச்சியைப் பொன்னெழுத்தில் காண விரும்பினால் அதனை எள்ளுவது போதகருக்கு அழகாகாது. எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களுக்கு இவ்விருப்பம் மேலும் ஆழமானது. 1834-இல் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷன் மண்டபசாலை போன்ற நிலையங்களிலிருந்து இவ்வட்டாரக் கிராமங்களில் பள்ளிகளை நடத்தியது. பள்ளிக்குள் வர இயலாதிருந்தோரின் பெயரன் இன்று தன் பெயருக்குப் பின்னே பட்டத்தை அச்சிடுகிறான். அதில் தற்பெருமை இருக்கலாம். அதைவிட மிகுதியாக மீட்கப்பட்ட மானம் இருக்கிறது.

ஆனால் அதே குடும்பத்தின் முதியவளை நினைத்துப் பார்ப்போம். வேதாகமத்தின் பெரிய எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டு வாசிக்கப் பழகியவர்கள் நம் சபைகளில் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் நடைபெற்ற அறிவொளி இயக்க வகுப்புகளில் முதன்முதல் கையெழுத்திடக் கற்ற பெண்கள் உண்டு. அவர்கள் சொல்லை ஒரே பார்வையில் விழுங்குவதில்லை; சுழியை எண்ணி, கொம்பைக் கண்டு, எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்கிறார்கள். பழகிய வாசகர் சிதைந்த எழுத்தையும் ஊகித்து அறிந்துகொள்வார். புதிதாய்க் கற்றவருக்கு அந்த ஊகம் கைவராது. அலங்கார எழுத்து முதலில் வெளியே நிறுத்துவது இவர்களையே. பேரனின் திருமண அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் எழுதியிருப்பதை இன்னொருவர் வாயிலாகக் கேட்டறிய வேண்டிய நிலை, அவள் அரிதாய்ப் பெற்ற எழுத்தறிவை அந்நாளில் மட்டும் அவளிடமிருந்து பறிப்பதாகும். இதனைச் சிறிய குறையென்று நாம் கருதவில்லை.

அழைப்பிதழ் என்பது அழைப்போரின் பெருமையைச் சாற்றும் பட்டயமா, அழைக்கப்பட்டோரை வரவேற்கும் கையா? லூக்கா 14-ஆம் அதிகாரத்தின் பெருவிருந்து உவமையில், வீட்டெஜமான் தெருக்களிலும் சந்துகளிலும் இருந்த வறியோரையும் பார்வையற்றோரையும் கூட்டி வரும்படி ஊழியக்காரனை அனுப்புகிறார். அழைப்பு அவரவர் இருக்கும் இடத்துக்கு, அவரவர் புரிந்துகொள்ளும் விதத்தில் செல்கிறது. தரிசனத்தை எழுதும்படி ஆபகூக் பெற்ற கட்டளையும், விரைந்து செல்வோர்கூட வாசித்தறியுமளவு தெளிவை வேண்டியது. எழுத்துருவைத் தேர்வதற்கு இப்பகுதிகளில் விதி காண்பது மிகையாகும். ஆயினும் அழைப்பின் தெளிவு அழைக்கப்படுவோருக்குச் செய்யும் மரியாதை என்னும் நோக்கு இவற்றில் உண்டு. திருச்சபையின் அச்சுத்தாள் அந்நோக்குக்கு மாறாக அமையலாகாது.

நம் மக்களின் வழக்கத்திலேயே இதற்குச் சான்று உண்டு. திருமண வீட்டில் மொய் எழுத அமர்த்தப்படுபவரை எண்ணிப் பாருங்கள். ஊர், பெயர், தொகை ஆகியவை ஐயத்துக்கு இடமின்றி அமைய வேண்டும். பல ஆண்டுகள் கழித்து அதே ஏட்டைப் புரட்டித்தான் திருப்பிச் செய்வார்கள். ஆகையால் தெளிந்த கையெழுத்துடையவரையே தேடி அமர்த்துகிறார்கள். உறவின் கடமை எழுத்தை நம்பியிருக்கும் இடத்தில் எவரும் சுருளை விரும்புவதில்லை. அதே திருமணத்தின் அழைப்பிதழில் மட்டும் இவ்வறிவை ஏன் கைவிடுகிறோம்?

அருப்புக்கோட்டையின் கைத்தறி நெசவாளருக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. சேலையின் கரை தறியிலேயே உருவாகிறது. பாவும் ஊடும் சேரும் முறையிலேயே அதன் அழகு பிறக்கிறது. துணியை நெய்து முடித்தபின் கரையை மேலே ஒட்டுவதில்லை. எழுத்தின் அழகும் அதன் இழையிலேயே நெய்யப்பட வேண்டும்.

5. செய்யத்தக்கவை

குறை கூறுவதோடு அமையாமல், சேகரங்களில் எளிதில் கைக்கொள்ளக்கூடிய சிலவற்றை முன்வைக்கிறோம்.

முதலாவது, பெயர், நாள், நேரம், இடம் ஆகிய நான்கும் நிமிர்ந்த, சுழி திறந்த, எளிய எழுத்தில் அமையட்டும். நல்வாக்குக்கோ தலைப்புக்கோ சற்றே அழகுபடுத்திய எழுத்தைக் கொள்ளலாம்; அங்கேயும் சுழியும் புள்ளியும் சிதையாதிருக்க வேண்டும்.

இரண்டாவது, கணினியில் ஒரு பொத்தானை அழுத்தித் தமிழ் எழுத்தைச் சாய்ப்பதையும் இழுத்து நீட்டுவதையும் தவிர்க்கலாம். சாய்வு வேண்டுமெனில், தமிழ்க் கையெழுத்தின் இயல்பறிந்து வரையப்பட்ட எழுத்துருவையே தேட வேண்டும். சபையில் நல்ல கையெழுத்துடைய ஆசிரியர் ஒருவர் இருப்பின், அவர் கையால் தலைப்பை எழுதச் செய்து அச்சிடுவது எந்த எழுத்துருவையும்விடச் சிறந்த அணியாகும்.

மூன்றாவது, மாண்பை எழுத்தின் முனையில் தேடாமல் பக்கத்தின் அமைப்பில் தேடுவோம். அகன்ற ஓரம், வரிகளுக்கிடையே போதிய வெளி, அளவான சொற்கள், பொருத்தமான தாள் ஆகியவை எளிய எழுத்தையும் விழாக்கோலம் கொள்ளச் செய்யும். பெயர்ப்பட்டியலைக் குறைத்தாலே எழுத்துக்கு இடம் கிடைத்துவிடும் என்பதைப் போதகர்கள் அறிவார்கள்.

நான்காவது, அச்சுக்குப் போகுமுன் மாதிரித்தாளைச் சபையில் அண்மையில் வாசிக்கக் கற்ற ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வோம். அவர் தடுமாறும் இடத்தில் அச்சகத்தார் திருத்தட்டும்.

இறையியல் மாணவர்கள் மொழியும் மறையுரையும் கற்கும் காலத்திலேயே இதனையும் கருத்தில் கொள்வது நலம். நாளை அவர்கள் பணிசெய்யும் சேகரங்களில் அழைப்பிதழ் மாதிரியோடு இளைஞர்கள் வந்து நிற்பார்கள். அப்போது வாசகத்தில் எழுத்துப்பிழை உள்ளதா என்று பார்ப்பதோடு, ஊரின் கடைக்கோடியில் இருக்கும் பாட்டியால் இதனை வாசிக்க இயலுமா என்றும் அவர்கள் கேட்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.